வெளிமாநிலக் குடும்பங்களுக்குக் குழந்தை நலக் கையேடு: அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு நிறைய இருக்கின்றன. உங்கள் குழுவிடம் தமிழில் ஒரு நல்ல குழந்தை நலக் கையேடு இருக்கிறது. அதை இந்தியில் மொழிபெயர்த்து ஆயிரம் பிரதி அடித்துக் கொடுத்தால் போதுமா, மொழிபெயர்ப்புக்குக் கூகுளை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கையேடு போடுவதில் தப்பில்லை, ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாய் தன் வீட்டில் இருக்கிற பாத்திரத்தையும் தண்ணீரையும் வைத்து அந்தக் காரியத்தைச் செய்து காட்டுகிற வரைக்கும் தகவல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் கணக்கு. மொழிபெயர்ப்பு அதற்கு அப்புறம் வருகிற வேலை.

முதலில் மொழி. வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் இந்தி தெரியும் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு வீட்டில் ஒடியாதான், முர்ஷிதாபாத்காரருக்கு வங்காளி, ஜார்க்கண்டிலிருந்து வருகிற சந்தால் குடும்பத்துக்குச் சந்தாலி, அதற்கு எழுத்தே வேறு. பீகாரிலிருந்து வருகிறவர்களிலும் பலருக்கு வீட்டுப் பேச்சு போஜ்புரியோ மைதிலியோ. ஆண்கள் வேலை இடத்தில் இந்தி பழகிக்கொள்வார்கள், வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. இதற்கு மேல் இன்னொன்று: 2011 கணக்கெடுப்பின்படி பீகாரில் பெண்களின் எழுத்தறிவு 51.5 சதவீதம். அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கையேடு போய்ச் சேர வேண்டிய அம்மாக்களில் கணிசமானவர்கள் பத்தி பத்தியாக வாசிக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். அதனால் அச்சுச் செலவில் பாதியைக் குரல் பதிவுக்கு ஒதுக்குங்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு நிமிஷம், அவரவர் பேச்சு மொழியில், அவர்கள் ஊர்ப் பெண் ஒருவரின் குரலில். வாட்ஸ்அப்பில் போனால் அது ஊரிலிருக்கிற மாமியாருக்கும் போகும். இது சின்ன விஷயம் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பெண் முதலில் போன் போடுவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இல்லை, ஊரிலிருக்கிற அம்மாவுக்கோ மாமியாருக்கோதான், முடிவும் பெரும்பாலும் அங்கேதான் எடுக்கப்படுகிறது. அந்த மாமியார் காதுக்குப் போகாத தகவல் திருப்பூரில் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் பிரயோஜனம் குறைவு.

இப்போது பங்களாதேஷ் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். 1980 முதல் 1990 வரை பிராக் என்ற அமைப்பு வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்பு வெல்லக் கரைசல் செய்வதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தது, 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில். அப்போது ஓ.ஆர்.எஸ் பாக்கெட் (தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) கிராமங்களுக்குப் போய்ச் சேரும் நிலை இல்லை. அதனால் அளவு இப்படி: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணீர். ஸ்பூன் இல்லாத வீட்டில் கைதான் அளவு. சொல்லிக் கொடுக்கப் போனவர்கள் பெண்கள், தாய்மாரோடு உட்கார்ந்து, அந்த வீட்டுச் சட்டியிலேயே அரை சேர் எதுவரைக்கும் வரும் என்று அடையாளம் வைத்து, அவர்களையே கலக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சம்பளம் எப்படி என்று கேளுங்கள்: எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதற்கு இல்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, அவர் கலக்குகிற கரைசல் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார், கூலி அதைப் பொறுத்தது. சொல்லிக் கொடுத்தவருக்குக் கிடைக்கிற பணம் கேட்டுக்கொண்டவரின் கையில் இருக்கிறது என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது, ஏனென்றால் நாம் இன்றுவரை எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆரம்பத்தில் தாய்மாருக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது, கரைசலும் சரியாகவே கலக்கினார்கள், ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. ஏன் என்று போய்க் கேட்டபோது சில காரணங்கள் கிடைத்தன. ஒன்று, டாக்டர்கள் வயிற்றுப்போக்கு என்று ஒரே பெயரில் அழைப்பதை அந்தத் தாய்மார் நாலு தனித்தனி நோயாகப் பார்த்தார்கள்: பால்குடிக் குழந்தைக்கு வருவது, செரிமானம் ஆகாமல் வருவது, சீதத்தோடு போவது, தண்ணியாக வாரிப் போவது. இந்தக் கடைசி வகைக்குத்தான் கரைசல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மற்ற மூன்றுக்கும் அவரவர் வைத்தியம் இருந்தது. இரண்டு, சொல்லிக் கொடுக்கப் போன பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிறு சரியில்லாதபோது மாத்திரை போட்டுக்கொண்டார்கள். மூன்று, வீட்டு ஆண்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. அப்புறம்தான் நாலு வகையையும் அவர்கள் சொல்கிறபடியே எடுத்துப் பேசினார்கள், பணியாளர்களை டாக்காவில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய்க் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள், சந்தையிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பயன்பாடு ஏறியது.

இந்த மூன்று காரணமும் உங்கள் லைன் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். அதனால் முதல் வேலை எழுதுவது இல்லை, கேட்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள் (மற்ற நாளில் ஷிப்ட், ஞாயிறு காலையும் துணி துவைப்பு, சமையல் என்று போய்விடும், மதியத்துக்கு மேல்தான் உட்கார்வார்கள்). குழந்தைக்கு வயிறு போனால் என்ன செய்வீர்கள், சளி பிடித்தால் எந்தக் கட்டத்தில் பயம் வரும், பிறந்த குழந்தைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். திருத்தாதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சேனை வைப்பதும் உரை மருந்து புகட்டுவதும் நம் வீடுகளில் இருப்பதுபோல அவர்களிடம் தேனும் 'குட்டி' (ghutti) என்று அவர்கள் சொல்கிற கைக்குழந்தை மருந்தும் இருக்கும், கண்ணுக்கு மை இருக்கும், கடுகு எண்ணெய் மசாஜ் இருக்கும். இதில் தடுக்க வேண்டியது எது, விட்டுவிடலாம் என்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், கண்ணுக்குள் மை கூடாது. இவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. நெற்றியிலோ பாதத்திலோ திருஷ்டிப் பொட்டு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, இடுப்பில் கருப்புக் கயிறு கட்டினால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரே பக்கத்தில் போட்டு எழுதினால் அவர்கள் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள், அதில்தான் நிமோனியா அறிகுறி இருக்கும்.

அம்மை விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நம் ஊரில் மாரியம்மன் என்றால் அங்கே சீதளா மாதா. இரண்டு பக்கமும் வேப்பிலை, இரண்டு பக்கமும் அம்மன் இறங்கியிருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தயக்கம். கிராம சுகாதார செவிலியருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தன் தெருவிலேயே பார்த்திருப்பார். வேப்பிலை இருக்கட்டும், குழந்தையைத் தனியாக வைத்திருப்பதும் நல்லதுதான், ஆனால் பால், தண்ணீர், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், மூச்சு வேகமானாலோ குழந்தை துவண்டுபோனாலோ அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உடனே வண்டி ஏறுங்கள் என்று அவரால் பேச முடியும். தட்டம்மைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். அவர் பேச வேண்டியதைச் சொந்த மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதில் ரொம்பக் கறாராக இருங்கள். லைன் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? மூணாவது நாலாவது படிக்கிற பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில் தமிழ் பிடித்துக்கொண்டிருக்கும், அதைத்தான் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பாவம், அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும். அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் தாய்மாரோடு நடந்த 13 குழந்தை மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. மொத்தம் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள், சந்திப்புக்குச் சராசரி 31. காது சீழுக்கு வாயில் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கை இரண்டு காதிலும் ஊற்றச் சொன்னதும், மருந்து எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதையே விட்டுவிட்டதும் அதில் உண்டு. இடையில் நின்று பேசியவர்களில் ஒருவர் நோயாளிக் குழந்தையின் 11 வயது உடன்பிறப்பு. பயிற்சி பெற்றவர்களும் பிழை விட்டார்கள், ஆனால் ஆபத்தில் முடியக்கூடிய பிழைகள் பயிற்சி இல்லாதவர்களிடம் இன்னும் அதிகம். ஆகவே பத்து வருஷமாகத் திருப்பூரிலேயே இருந்து, செக்கிங் பிரிவில் வேலை பார்த்து, தமிழும் சொந்த மொழியும் சரளமாகப் பேசுகிற பெண்கள் நாலைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்கள் அரை நாள் வந்தால் அரை நாள் கூலி போகும், அதை நீங்கள் கொடுக்க வேண்டும். சேவை மனப்பான்மை இருந்தால் போதும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. உங்கள் பட்ஜெட்டில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.

சரி, என்ன சொல்வது? கையேட்டில் இருக்கிற அத்தனை பக்கமும் வேண்டாம். நாலைந்து விஷயம் போதும், ஆனால் ஒவ்வொன்றும் செய்து பார்க்கிற அளவுக்கு.

ஓ.ஆர்.எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. வீட்டில் நடப்பது என்ன என்றால், பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கொட்டி, உப்புக் கரிக்கிறதா என்று ருசி பார்த்து, மீதியை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் குறைவாகக் கலந்த கரைசல் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கெடுதல் செய்யும், தண்ணீர் அதிகமானால் பலன் குறையும். ஒரு லிட்டர் என்று எத்தனை மொழியில் அச்சடித்தாலும் லைன் வீட்டில் லிட்டர் அளவு எங்கே இருக்கிறது? இருக்கிறது: கடையில் விற்கிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் காலியாக நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லுங்கள், கழுவச் சொல்லுங்கள், குடிக்கிற தண்ணீரைப் பிடித்து, பாக்கெட் முழுவதையும் கொட்டி, மூடிக் குலுக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மீதியைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் வயது என்றால் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, வயிற்றைக் காயப்போடவும் கூடாது, இதை நம் ஊர்ப் பாட்டிகளுக்கும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் துத்தநாக மாத்திரை 14 நாள், வயிறு நின்றுவிட்டாலும் 14 நாள். இதை ஏன் என்று சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்: அடுத்த சில மாதங்களுக்கு வயிற்றுப்போக்கு திரும்ப வராமல் தடுக்க அது உதவுகிறது. சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கானது, அதையும் காட்டுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து. ஓ.ஆர்.எஸ் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு டெட்ரா பாக்கெட்டில் விற்ற இனிப்பு பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது, இருந்தாலும் கடையில் கேட்டு வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பாக்கெட்டைக் கையில் கொடுத்தே பழக்குங்கள்.

காய்ச்சல் மருந்தும் இதே மாதிரி, இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் சிரப் கடையில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்று, 5 மில்லிக்கு 250 என்று ஒன்று, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னால் அது 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்துப் புட்டியை வைத்துக்கொண்டு 6 மில்லி கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும், ஈரலுக்கு விஷம். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஆய்வில் ஒன்பது முறை அளந்து காட்டச் சொன்னபோது ஐந்தில் நாலு பெற்றோருக்கு மேல் ஒரு தடவையாவது தப்பாக அளந்தார்கள், மூடியில் அளந்தவர்களுக்குச் சிரிஞ்சில் அளந்தவர்களைவிடப் பிழை அதிகம். படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே அப்படி. அதனால் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிக் கொடுங்கள், சில ரூபாய்தான், டாக்டர் சொன்ன அளவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள். புட்டியைக் கொண்டுவரச் சொல்லி அந்தப் புட்டிக்கே கோடு போடுங்கள், வேறு புட்டி வாங்கினால் கோடு செல்லாது என்பதையும் சொல்லுங்கள்.

நிமோனியாவுக்கு எழுத்தே வேண்டாம், வீடியோ போதும். குழந்தை மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குகிறதைப் பதினைந்து விநாடி காட்டினால் எந்த ஊர்த் தாயும் புரிந்துகொள்வார், இந்தி பேசும் பெண்கள் விலா எலும்பு ஓடுகிறது என்று அதற்குச் சொந்தமாகவே பேர் வைத்திருக்கிறார்கள். மூச்சு எண்ணிக்கையும் உண்டு (இரண்டு மாதத்துக்குள் நிமிஷத்துக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40, அந்த அளவைத் தொட்டாலே ஆபத்து), ஆனால் அதை செவிலியருக்கு விட்டுவிடலாம். பெற்றோருக்கு நாலு அடையாளம் போதும்: பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம். நாலில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108. இன்னொன்று, உதடு நீலமாகும் என்று எழுதியிருக்கிற கையேடுகளில் படம் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தை. நம் குழந்தைகளின் நிறத்தில் அது அப்படித் தெரியாது, நாக்கையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசி பற்றி அவர்களுக்கு விளக்கம் கொடுப்பதைவிட வழியைத் திறந்துவிடுவதுதான் முக்கியம். வெளிமாநிலக் குழந்தைக்கும் அரசுத் தடுப்பூசி இலவசம், ஊரில் தொடங்கியதை இங்கே தொடரலாம், பழைய அட்டை இந்தியில் இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று குரல் பதிவின் முதல் வாக்கியத்திலேயே வரட்டும். அட்டை எந்த மொழியில் இருந்தாலும் பிறந்தவுடன், 6, 10, 14 வாரம், 9 மாதம் என்ற தேசிய அட்டவணையின் வரிசை ஒன்றுதான், செவிலியரால் கட்டங்களையும் தேதியையும் வைத்துப் பிடித்துக்கொள்ள முடியும். தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் யு-வின் இணையதளத்தில் பதிந்த குழந்தை என்றால் இன்னும் சுலபம். சிக்கல் கிழமையில் இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி புதன்கிழமை, கம்பெனியில் புதன்கிழமை லீவு போட்டால் கூலி போச்சு. கம்பெனி மனிதவள மேலாளரிடம் பேசி இரண்டு மணி நேரம் அனுமதி வாங்குவதா, வட்டார மருத்துவ அலுவலரிடம் பேசி மாதம் ஒரு ஞாயிறு லைன் வீட்டுப் பக்கமே முகாம் வைப்பதா என்று பாருங்கள். உங்கள் குழுவால் செய்ய முடிந்ததில் அதிகப் பலன் தரப் போவது ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும்.

எதைச் சொன்னாலும் கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், படித்தவர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும். "வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர் கேட்டா எப்படிச் சொல்லுவீங்க, சொல்லிக் காட்டுங்க அக்கா" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வேறு மாதிரி சொல்லுங்கள். ஐந்தாறு பேரிடம் இப்படிப் பார்த்தாலே உங்கள் வாசகத்தில் எந்த இடம் இடறுகிறது என்று தெரிந்துவிடும், படங்களையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

கூகுள் மொழிபெயர்ப்பு முதல் வரைவுக்குப் பரவாயில்லை. இந்திக்கும் வங்காளிக்கும் ஓரளவு நன்றாகவே வரும், சந்தாலிக்கு நம்பாதீர்கள். எந்த மொழியாக இருந்தாலும் எண்களையும், "கொடுக்காதீர்கள்" மாதிரியான மறுப்பு வாக்கியங்களையும் மனிதர்கள் சரிபார்க்காமல் விடவே கூடாது. மூல வாசகத்தைப் பார்க்காத இன்னொருவரை அந்தப் பதிவைக் கேட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், மருந்து அளவு மாறியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ் பதிவை முதலில் முடியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத் தொடக்கத்தையொட்டி அரசு வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் நடத்தும்போது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கொடுப்பார்கள், அந்தச் செவிலியரின் போனில் எல்லா மொழிப் பதிவும் அதற்குள் ஏறியிருந்தால் பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே அவர் போட்டுக் காட்டிவிடுவார்.